விளக்குக் கசெட்

மண்டூரில் ஒரு தேநீர்க்கடை. வடை சுற்றுவதற்காகக் கிழித்து வைத்த பத்திரிகைத் தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்க, அவற்றின் மேல் ஒரு மஞ்சள் கசெட்டைப் பாரமாக வைத்திருந்தார்கள். பாட்டுக் கசெட் அல்ல. தொண்ணூறுகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்தி விளையாடிய டிவி கேம் கசெட். அதன் முதுகில் ஒரு விரல் அகலத்துக்குக் கைலித் துணி, எங்கள் ஊர்ச் சாரத் துணி, ஒட்டியிருந்தது. நீலக் கோடு, மஞ்சள் கோடு, நடுவே ஒற்றைச் சிவப்பு நூல்.

நான் ஊர் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கோலாலம்பூர், தாய்பே, திபிலீசி என்று வருடக்கணக்கில் அலைந்த கால்களுக்குக் காத்தான்குடி வீட்டின் நான்கு சுவர்கள் போதவில்லை. உம்மாவின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாவியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் மண்டூருக்கும் போனேன். கசெட்டைப் படம் எடுத்து நஸீபா ராத்தாவுக்கு அனுப்பினேன். அவருக்கு இந்தச் சாமான்கள்மேல் உயிர் என்பது குடும்பத்துக்கே தெரியும். சிரிப்பார் என்று நினைத்தேன். கிளாஸில் தேநீர் அடிமட்டம் தெரியும்போது அழைப்பு வந்தது.

"நிஸ்றா, எங்க நிக்காய்?"

"மண்டூர்ல ராத்தா."

"அத ஆரையும் எடுத்துக்குப் போக உட்டுராத. தொறக்காத. வாயால ஊதாத. நாளைக்கு நான் வாறன்."

பக்கத்து ஆரையம்பதிக்குப் போவதென்றாலே இரண்டு நாள் யோசிக்கிற மனுஷி, வாவியைக் கடந்து வருகிறேன் என்றார்.

நஸீபா ராத்தா என் பெரியம்மாவின் மகள். நாற்பது தாண்டியவர். வீட்டின் முன்னறையில் பாடசாலைச் சீருடைகள் தைக்கிறார். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில், நூற்கட்டைகளுக்கு நடுவில், எப்போதும் ஒரு டிவி கேமும் ஒரு பழைய பெட்டி டிவியும் இருக்கும். ஓர் இணையக் குழு வழியாக உலகத்தின் எந்தெந்த மூலைகளிலோ இருந்து ஆட்கள் அவருக்குப் படங்கள் அனுப்புவார்கள். போலந்தில் ஒரு பஸ் சாரதி, பிரேசிலில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, மஸ்கட்டில் ஒரு கோழிக்கடைக்காரர். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இது என்ன கசெட்?

கள்ளக் கசெட்டுகளின் கதை அப்படி. எங்கோ ஒரு கூட்டம் ஒரு விளையாட்டைச் செய்யும். இன்னொரு தொழிற்சாலை அதைப் பிரதி எடுத்து, முதல் திரையில் இருக்கும் சொந்தக்காரர்களின் பெயரை அழித்துவிட்டு, வேறு பெயர் எழுதி, வேறு படம் ஒட்டி விற்கும். மூன்றாவது தொழிற்சாலை அந்தப் பிரதியைப் பிரதி எடுக்கும். ஒரே விளையாட்டுக்குப் பத்துப் பெயர் இருக்கும். ஒரே பெயரில் பத்து விளையாட்டும் இருக்கும். மேலே புலி படம் ஒட்டியிருக்கும், உள்ளே கார் ஓடும்.

ராத்தா படத்தைப் பார்ப்பதே இல்லை. "படம் பொய் செல்லும்" என்பார். மேல் மூடியான பிளாஸ்டிக் கோதின் ஆணி எந்தப் பக்கம், உள்ளே பச்சைப் பலகையில் மின்சிப்பை மூடிய கறுப்புப் பசை ஒரு பொட்டா இரண்டு பொட்டா என்று பார்ப்பார். பிறகு முதல் திரையைப் பார்ப்பார். பெயரை அழித்து மாற்றி எழுதிய இடம் அவர் கண்ணில் உடனே படும். "இந்தா பாரு, பிரிச்சித் தைச்சிரிக்கான். பழைய தையல்ட ஓட்டை தெரியிது" என்று காட்டுவார். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எனக்கு வானமும் எழுத்தும்தான் தெரியும். அவர் சொன்ன பிறகுதான், ஓர் எழுத்து மட்டும் மற்றவற்றைவிட மயிரிழை கீழே இறங்கி நிற்பது தெரியும். அந்த இணையக் குழுவில் அவரைக் 'காத்தான்குடி டெய்லர்' என்றுதான் அழைப்பார்கள். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைப் பற்றி வாய் திறந்தாலே குழுவில் சிரிப்பார்கள். வீட்டிலும் சிரிப்பார்கள். அதிகம் சிரிப்பவர் அவருடைய அண்ணன் றிஸ்வி காக்கா. கத்தாரில் லொறி ஓட்டிவிட்டு வந்து இப்போது ஊரில் வன்பொருள் கடை வைத்திருக்கிறார். எந்தக் கல்யாண வீட்டிலும் சோறு வருவதற்கு முன் அவர் எடுத்துவிடும் கதை இதுதான்:

"எங்கட நஸீபா சின்னதில டிவிக்குள்ள ஒரு ஊரையே கண்டவ. கடலுக்குள்ளால ஊடு ஊடா முளைச்சி வந்திச்சாம். பொய் செல்றெண்டாலும் ஒரு அளவு வாணாமா?"

ராத்தா எதுவும் சொல்லமாட்டார். பலர் சேர்ந்து உண்ணும் சஹனில் இருக்கும் சோற்றைத் தன் பக்கத்தில் மட்டும் சமப்படுத்திக்கொண்டிருப்பார்.

கதை இதுதான். அவர்களுடைய வாப்பா வீட்டுத் தறியில் நெய்த சாரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாவிக்கு அக்கரையில், படுவான்கரை ஊர்களில் விற்றவர். சவூதியில் இருந்த அவர் தம்பி அனுப்பிய டிவி கேமும் ஒரு கட்டுக் கசெட்டும் அந்த வீட்டுக்கு வந்தன. அந்த ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், எல்லா வீட்டிலும் கசெட் இருந்தது. ஜும்ஆ முடிந்ததும் பிள்ளைகள் மாற்றிக்கொள்வார்கள். படத்தை நம்பி மாற்றினால் ஏமாந்துபோவோம் என்பது தெரிந்ததால், ஒவ்வொரு வீடும் தன் தறியில் மிஞ்சிய துணித்துண்டு ஒன்றைத் தன் கசெட்டில் ஒட்டிவிடும். துணியைப் பார்த்தால் யார் வீட்டுக் கசெட் என்று சொல்லிவிடலாம். நீலம், மஞ்சள், நடுவில் ஒற்றைச் சிவப்பு என்றால் அது றிஸ்வி காக்கா வீடு.

அந்த வீட்டில் மஞ்சள் கோதில் இருந்த ஒன்றே ஒன்றுதான் விளக்குக் கசெட். வள்ளத்தில் ஓர் ஆள் இருட்டில் போவான். கையில் ஒரு விளக்கு. விளக்கைப் பிடித்தால் பாறை தெரியும், ஆனால் பெரிய மீன்கள் வெளிச்சத்துக்கு வரும். எண்ணெயும் குறையும். றிஸ்வி காக்காதான் அதில் மன்னன். எண்ணெய் தீர்ந்து திரை முழுக்கக் கறுப்பாகும் வரைக்கும் போவார். கறுத்ததும் எழுந்து சுவிட்சை அணைத்துவிடுவார். அதோடு விளையாட்டு முடிந்தது என்பது அவர் சட்டம். சுவிட்சில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்பதும் அவர் சட்டம்தான்.

ஒரு அசர் தொழுகை நேரம் அவர் பள்ளிவாசலுக்குப் போயிருக்க, பன்னிரண்டு வயது நஸீபா தனியாக விளையாடினார். எண்ணெய் தீர்ந்தது. திரை கறுத்தது. அணைப்பதற்குப் பயம், ஏனென்றால் சுவிட்ச் காக்காவுடையது. அப்படியே பொத்தான்கள் வைத்த விளையாட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கறுப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. அது கேட்ட பக்கமாகவே வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பிறகு நடந்ததைத்தான் யாரும் நம்பவில்லை: வள்ளம் கரை சேர்ந்தது, தண்ணீருக்குள்ளிருந்து சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக எழும்பி மேலே போயின.

காக்காவுக்குக் காட்ட மறுநாள் வரை காத்திருந்தார். மறுநாள் காலையில் வாப்பா, பிள்ளைகள் படிக்கிறார்களில்லை என்று, டிவி கேமையும் கசெட்டுகளையும் சாரத்தோடு சேர்த்துச் சைக்கிளில் கட்டி அக்கரைக்குக் கொண்டுபோய், அறுவடை முடிந்த வீடொன்றில் கொடுத்துவிட்டு நெல் மூட்டையோடு வந்தார். எந்த வீடு என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அக்கரைக்குப் போய்வருவது பிள்ளைகளுக்கு நடக்கிற காரியமில்லை.

பின்னாளில் இணையக் குழுவில் ராத்தா அந்த விளையாட்டைப் பற்றி எழுதினார். வள்ளம், விளக்கு, கடைசியில் எழும்பும் ஊர். உலகத்தில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. இரண்டு மூன்று விளையாட்டுகளைக் கனவில் சேர்த்துத் தைத்துவிட்டாய் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் கண்ணை நம்புகிறவர்கள், அவர் நேரில் கண்ட ஒன்றை மட்டும் நம்பவில்லை.

ராத்தாவின் அழைப்புக்கு மறுநாள் குருமண்வெளியில் பாதைக்காக நின்றோம். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்றுதான் சொல்வோம். நானும் ராத்தாவும் மட்டும் என்றுதான் திட்டம். றிஸ்வி காக்கா கடையை மூடிவிட்டு வந்து நின்றார்.

"நீங்க என்னத்துக்கு காக்கா?" என்றேன்.

"ஊரு முளைக்கக்குள்ள ஒரு சாட்சி வாணாமா? காணி உறுதி எழுதிறெண்டாலும் ரெண்டு பேர் கையெழுத்து வைக்கணும்."

ராத்தா பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அதற்குள் அவருடைய டிவி கேம், வயர்கள், ஆணி கழற்றும் சாமான், பென்சில் அழிக்கும் றப்பர், ஒரு மாற்றுக் கசெட். பாதை நகர்ந்ததும் கேட்டார்:

"இல்லாட்டி என்ன செய்வாய் நிஸ்றா?"

"என்ன ராத்தா?"

"நான் கண்டது அதில இல்லாட்டி." வாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவ்வளவு காலமும் மத்தவங்களுக்கு இது இன்னதுதானெண்டு செல்லிக்கு இரிந்தன். அதுவும் பொய்யாத்தானே போகும்."

காக்கா பைக்கு வெளியே தொங்கிய வயரை உள்ளே செருகிவிட்டார்.

தேநீர்க்கடை உதயரூபனுடையது. றிஸ்வி காக்கா வயதுதான் இருக்கும். துணித்துண்டைக் காட்டியதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"ஓம், ஓம்! சைக்கிள்ல சாரம் கொண்டாற காக்காட சாமான். எங்கட அப்பா நெல்லுக்கு மாத்தினவர். நான் அழுது பிரண்டுதான் வாங்கின. அந்தக் காக்காட புள்ளையளா நீங்க? வாங்க, வாங்க. தனுஷியா, தேத்தண்ணி போடு!"

கடைக்குப் பின்னாலேயே வீடு. உதயரூபனின் மனைவி தனுஷியா தேநீரோடு வருவதற்குள் ராத்தா சுவரில் இருந்த டிவிக்கு வயர் கொடுத்துவிட்டார். துணி ஒட்டிய கசெட்டின் பித்தளைப் பற்களை றப்பரால் தேய்த்தார். "ஊர்ல எல்லாரும் வாயால ஊதி ஊதித்தான் இதுகள நாசமாக்கின. உப்புக் காத்து ஒரு பக்கம், எச்சில் ஒரு பக்கம்" என்று சொல்லிக்கொண்டே பொருத்தினார்.

திரையில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்று உறுமியது.

றிஸ்வி காக்கா தொடையில் அடித்துச் சிரித்தார். "ஊட்டுக்கு முன்னால கார் நிக்கிது, ஊட்டக் காணல்ல!"

ராத்தா சிரிக்கவில்லை. கசெட்டைக் கழற்றி ஆணியை எடுத்துக் கோதைப் பிளந்தார். பச்சைப் பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு உதயரூபனிடம் திரும்பினார்.

"இது தண்ணில நனைஞ்சதா?"

உதயரூபன் திகைத்தார். "பெரிய வெள்ளத்தில வீட்டுக்குள்ள தண்ணி வந்த. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆரோ கழுவிரிக்காங்க. மூலைல வண்டல் நிக்கிது. இந்தப் பலகை இந்தக் கோதுக்குரியது இல்ல. ஓட்டை ஒத்து வரல்ல, தள்ளிப் பூட்டிரிக்கி."

தனுஷியா கையை வாயில் வைத்தார். "நான்தான் அக்கா. அப்பதான் கலியாணம் முடிச்சி வந்த புதிசு. இவர் கசெட்டெல்லாம் போச்செண்டு கவலப்பட்டார். எல்லாத்தையும் கழட்டிக் கிணத்துத் தண்ணில கழுவி, நெல்லுக் காயப்போடுற படங்கில பரப்பிக் காயவெச்சன். மறுகா எது எதுக்குள்ள இருந்ததெண்டு எனக்கென்ன தெரியும்? பூட்டினது சரி."

"பூட்டினது சரியாம்!" உதயரூபன் தலையில் கை வைத்தார். "அதுக்குப் பிறகு புலி படத்தப் போட்டா யுத்தம் வந்த, யுத்தத்தப் போட்டா பந்தடி வந்த. பிசாசு புடிச்சிட்டெண்டு நான் நினைச்சன்."

"மத்தக் கசெட்டெல்லாம் எங்க?"

பிஸ்கட் டின் ஒன்று வந்தது; அதிலிருந்த கசெட்டுகளின் துணிகள் கழுவியதில் உரிந்து போயிருந்தன. ராத்தா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். துப்பாக்கி, குரங்கு, பந்து, செங்கல் உடைப்பது. ஒவ்வொன்றின் உண்மையான பெயரையும் முதல் ஒலியிலேயே சொல்லித் தள்ளி வைத்துக்கொண்டே போனார். டின் வெறுமையானது. வள்ளம் இல்லை.

ராத்தா வயரைச் சுற்றத் தொடங்கினார். றிஸ்வி காக்காவின் முகத்திலும் இப்போது சிரிப்பு இல்லை. "சரி புள்ள, விடு. தேத்தண்ணியக் குடி" என்றார்.

"இன்னொண்டு இரிக்கி" என்றார் தனுஷியா. "ஆனா அது செத்தது. போட்டா கறுப்பாவே நிக்கும். வேலை செய்யாதெண்டு சாமித்தட்டு ஆடாம இருக்கக் கீழ வெச்சிரிக்கன்."

வயர் சுற்றிய கை நின்றது.

"கறுப்பாவா?"

"ஒண்டும் வராது அக்கா. சத்தமும் இல்ல."

"அத எடுங்க."

சாமித்தட்டுக்கு அடியில் ஒரு மடித்த அட்டையை முண்டுகொடுத்துவிட்டு, குங்குமம் படிந்த அந்தக் கசெட்டைக் கொண்டுவந்தார்கள். மேலே யுத்தத் தாங்கிப் படம். ராத்தா துடைத்தார், பொருத்தினார், சுவிட்சைத் தட்டினார். திரை கறுப்பு. உதயரூபன், "கண்டீங்களா" என்றார்.

ராத்தா கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, விடாமல் வைத்திருந்தார்.

கறுப்பின் நடுவில் கடுகளவு மஞ்சள் தோன்றியது. அது மெதுவாக விரிந்தது. ஒரு வள்ளத்தின் முனை, ஒரு தொப்பி, ஒரு கை, கையில் விளக்கு, அடியில் எழுத்தில்லாத ஒரு பட்டை.

"அல்லாஹ்!" என்றார் றிஸ்வி காக்கா.

இருட்டில் தொடங்குகிற விளையாட்டு. விளக்கேற்றுவது விளையாடுகிறவர் வேலை. அது தெரியாத கைகளில் எல்லாம் இது செத்த கசெட். இதே மாதிரி எத்தனை கசெட்டுகள் எத்தனை நாடுகளில் குப்பைக்குப் போயிருக்கும்! அதனால்தான் எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

ராத்தா விளையாடினார். சீருடைத் துணியில் நேர்க்கோடு ஓட்டுகிற அதே முகம். விளக்கை ஏற்றுவார், பாறைகளை ஒரு கணம் பார்ப்பார், அணைப்பார், பார்த்ததை மனதில் வைத்து இருட்டில் திருப்புவார். மீன் வாய் திறக்கும்போது வள்ளம் அங்கே இருக்காது. கடையில் தேநீர் குடிக்க வந்தவர்கள் வாசலில் குழுமிவிட்டார்கள். உதயரூபன் கடையை மறந்துவிட்டார்.

எண்ணெய் தீர்ந்தது. திரை முழுக்கக் கறுத்தது.

பழக்கதோஷத்தில் றிஸ்வி காக்காவின் கை சுவிட்சை நோக்கிப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டார். கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டு, "நான் தொடல்ல, நான் தொடல்ல" என்றார்.

"எல்லாரும் பேசாம இரிங்க" என்றார் ராத்தா.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்களுக்கும் கேட்டது. டொக்… டொக்… மரத்தில் நீர் மோதுவது போல ஒரு சின்ன ஒலி. இடப்பக்கம் போனால் நெருங்கியது, வலப்பக்கம் போனால் விலகியது. ராத்தா கண்ணை மூடிக்கொண்டார். கறுத்த திரைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அவர் வள்ளம் ஓட்டினார். அந்த அறையில் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

ஒலி நின்றது. திரை கறுப்பிலிருந்து கருநீலமானது. கரையில் வள்ளம் முட்டி நின்றது. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பியது. கூரை. கூரைக்குக் கீழே சுவர். சுவரில் சன்னல். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக மூன்று. பிறகு இன்னொரு வரிசை. அதன் பிறகு இன்னொன்று.

"ஊடு" என்றார் றிஸ்வி காக்கா. "ஊடுதான்."

நான் எழுந்து டிவிக்குக் கிட்டப் போனேன். தாய்பேயில் ஒரு பேக்கரிக்கு மேலே குடியிருந்த காலத்தில் தெருப் பலகைகளில் தினமும் பார்த்த உருவங்கள். எனக்கு அதிகம் வாசிக்கத் தெரியாது. ஆனால் இரண்டாவது வரிசையின் முதல் உருவம், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்கள், எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரம்மாவின் கதவில் அதுதான் இருந்தது.

"ராத்தா, இது எழுத்து. சீன எழுத்து. இது 'லின்', குடும்பப் பெயர். இதுகள் ஆட்கள்ட பெயர். இந்தக் கேமச் செஞ்சவங்கட பெயர்."

தமிழும் அறபும் மட்டும் படித்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை, புள்ளி பறக்கும் பழைய டிவியில், அந்த எழுத்துகளைக் கூரையும் சன்னலும் உள்ள வீடுகளாகக் கண்டிருந்தது. உலகம் முழுக்க ஒரு ஊரைத் தேடச் சொன்னால் யார் கண்டுபிடிப்பார்கள்?

ராத்தா திரையைத் தொட்டார். "முன்னுக்கு அழிச்சிட்டாங்க" என்றார் மெல்ல. "முதல் திரைல பெயர் இரிந்த இடம் வெறுமையா இரிக்கி, நான் பாத்தன். இஞ்ச உட்டுட்டாங்க. களவெடுத்தவன் கடைசி வரைக்கும் விளையாடிப் பாக்கல்ல."

எங்கோ ஒரு அறையில் இருந்து இதைச் செய்தவர்கள், பெயரைப் பறிகொடுத்தவர்கள், இருட்டுக்கு அந்தப் பக்கம் இத்தனை காலம் அப்படியே எழும்பி மறைந்து எழும்பி மறைந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் இருந்த இடம் வரைக்கும் ஒரு பிள்ளை போயிருந்தது, சுவிட்சைத் தொடப் பயந்ததால். வெளியே வாவியிலிருந்து வந்த காற்று கடைத் தாள்களைப் பறக்கவிட்டது. யாரும் எழுந்து பிடிக்கவில்லை.

முதலில் பேசியது றிஸ்வி காக்காதான். "அப்ப அது ஊடும் இல்ல. மரம்."

ராத்தா சிரித்தார். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. காக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஆணி கழற்றும் சாமானைக் கையில் எடுத்தார். தாங்கிப் படம் ஒட்டிய கோதைப் பிளந்து, அதிலிருந்த பலகையை, துணி ஒட்டிய மஞ்சள் கோதுக்குள் வைத்தார். ஓட்டைகள் சரியாகப் பொருந்தின. ஆணியை இறுக்கி ராத்தாவின் கையில் கொடுத்தார்.

உதயரூபன் சும்மா கொண்டுபோகச் சொன்னார். ராத்தா ஒப்பவில்லை. ஒழுங்கைச் சட்டப்படி கசெட் எடுத்தால் கசெட் வைக்கவேண்டும். பையிலிருந்த மாற்றுக் கசெட்டைக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று தனுஷியா கேட்டதற்கு, "மேல உள்ள படந்தான் உள்ளயும். எனக்கிட்ட இரிக்கிற ஒரே நேர்மையான கசெட்" என்றார்.

திரும்பும்போது பாதையில் கூட்டம். நெல் மூட்டைகள், மோட்டார் சைக்கிள்கள், களுதாவளைக் கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பம். றிஸ்வி காக்கா மூட்டை ஒன்றின் மேல் ஏறி அமர்ந்து, பக்கத்தில் நின்ற அறிமுகமில்லாத மனிதரிடம் பேச்சைத் தொடங்கினார்.

"தம்பி, அதில நிக்கிறது என்ட தங்கச்சி. பன்னிரண்டு வயசில, உலகத்தில ஒருத்தரும் முடிக்காத ஒண்ட முடிச்சவ."

"என்ன காக்கா அது?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"செல்றன். முதல்ல எல்லாம் கறுப்பா இரிக்கும். நீங்க என்ன நினைப்பீங்க, கெட்டுப் போச்செண்டு. சுவிட்ச்ச மட்டும் தொட்டிராதீங்க…"

ராத்தா பாதையின் விளிம்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். இந்த முறையும் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் காக்கா கதையில் ஓர் இடத்தை விட்டுவிட்டபோது, திரும்பாமலே, "மீன் அதுக்கு முன்னுக்கு வரும்" என்றார்.